குடும்பத்தோடு கப்பல் சுற்றுலா: சிங்கப்பூரில் ஏறுவதிலிருந்து இறங்கும்வரை ஒரு முழு வழிகாட்டி

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை மெரினா பே கப்பல் முனையத்தில் ஏற்றிவிடுவதும், நாலைந்து நாள் கழித்துப் போய் அழைத்துவருவதும் எங்கள் வீட்டில் வாடிக்கையாகிவிட்டது. சில முறை நாங்களும் கூடவே போயிருக்கிறோம். ஏறும்போது எல்லார் முகமும் ஒரே மாதிரிதான் இருக்கும். இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஒரு குடும்பம் அடுத்த கப்பல் எப்போது என்று கேட்கும். இன்னொரு குடும்பம், இந்தக் காசுக்கு நாலு நாள் ஓட்டலில் இருந்திருக்கலாம் என்று முணுமுணுக்கும். இரண்டும் ஒரே கப்பலில் போய்வந்தவைதான். எதை முதலில் செய்தார்கள், எதைக் கடைசிவரை தள்ளிப்போட்டார்கள் என்பதில்தான் பெரும்பாலும் வேறுபாடு.

சென்னை, திருச்சி பக்கமிருந்து விமானத்தில் வந்து, சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மலேசியாவின் பினாங்கு, போர்ட் கிளாங், தாய்லாந்தின் புக்கெட் என்று சுற்றித் திரும்பும் மூன்று முதல் ஐந்து இரவுப் பயணங்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. விலை பார்க்கும் முன் ஆளாளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்

பிள்ளைகளுக்குச் சறுக்கு, நீச்சல்குளம். தாத்தா பாட்டிக்குக் கடலைப் பார்த்தபடி உட்கார ஓர் இடம், முடிந்தால் ஒரு கோயில். அப்பாவுக்குத் தூக்கம். அம்மாவுக்கு அடுப்படி இல்லாத நாலு நாள். இந்த நாலும் ஒரே கப்பலில் கிடைக்கும். ஆனால் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கிடைக்காது. எல்லாரும் எப்போதும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்று கிளம்பிய குடும்பங்கள்தான் அதிகம் சண்டை போட்டுத் திரும்புகின்றன. பகலில் பிரிந்துகொள்வது, இரவுச் சாப்பாட்டுக்குச் சேர்வது என்று ஊரிலேயே பேசிவைத்துவிடுங்கள்.

வயது வரம்பையும் இப்போதே பாருங்கள். பல நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும், 24 வாரம் எட்டிய கர்ப்பிணிகளையும் ஏற்றுவதில்லை. டயப்பர் போடும் குழந்தைகளைப் பெரிய நீச்சல்குளத்தில் விடமாட்டார்கள். நீச்சல் டயப்பர் போட்டிருந்தாலும் இதே விதிதான். சிறுவர் மன்றத்தில் பொதுவாக மூன்று வயது நிரம்பி, கழிப்பறைப் பழக்கம் வந்த பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். இரண்டு வயதுக் குழந்தையோடு போகிறவர்களுக்கு இந்தக் கடைசி இரண்டு விதியும் சேர்ந்து பாதிப் பயணத்தை மாற்றிவிடும்.

2. பயணத்திட்டத்தை மணிக்கணக்கில் படியுங்கள்

விளம்பரத்தில் 'நான்கு இரவு, பினாங்கு, புக்கெட்' என்று இருக்கும். நீங்கள் பார்க்கவேண்டியது கப்பல் எத்தனை மணிக்குக் கரை சேர்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதை. வந்ததும் இறங்க ஒரு மணி நேரம் போகும். கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எல்லாரும் உள்ளே இருக்கவேண்டும். எட்டு மணி நேர நிறுத்தம் என்றால் கையில் நிற்பது ஆறு மணி நேரம்தான்.

இதைக் கணக்கிடாமல் போர்ட் கிளாங்கை நம்பிக் கோலாலம்பூர் பார்க்கக் கிளம்புவார்கள். துறைமுகத்திலிருந்து நகரத்துக்கு நெரிசலில்லாத நேரத்திலேயே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பத்துமலை இன்னும் தள்ளி. அங்கே 272 படி வேறு ஏறவேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டி படிக்குக் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். நிறுத்தம் குறைவாக இருந்தால் கிளாங் ஊரிலேயே தெங்கு கிலானா சாலையின் லிட்டில் இந்தியாவோடு முடித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம். வானிலை, துறைமுக நெரிசல் என்று எந்தக் காரணத்துக்காகவும் ஒரு நிறுத்தத்தைக் கைவிடக் கப்பல் கேப்டனுக்கு ஒப்பந்தத்திலேயே உரிமை உண்டு. அப்படி நடந்தால் அந்தத் துறைமுக வரியைத் திருப்பித் தருவார்களே தவிர, டிக்கெட் காசைத் தரமாட்டார்கள். அதனால் ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் கப்பல் ஏறாதீர்கள். பினாங்கு நன்றாகப் பார்க்கவேண்டும் என்றால் விமானத்தில் போய் இரண்டு நாள் தங்கலாம், செலவும் குறைவு.

3. அறை: பால்கனிக்கு முன் குளியலறையை எண்ணுங்கள்

ஜன்னலில்லாத உள் அறை 150 முதல் 180 சதுர அடிதான் இருக்கும். நாலு பேர் அறையில் மூன்றாவது, நான்காவது படுக்கை சோபாவிலிருந்து விரியும், அல்லது மேலிருந்து இறங்கும். எல்லாவற்றையும் விரித்த பிறகு நடக்க இடமில்லை. காலை ஏழு மணிக்கு நாலு பேருக்கு ஒரே குளியலறை என்றால் அங்கேயே முதல் வாக்குவாதம் ஆரம்பித்துவிடும்.

நாலு பேர் தங்கும் ஒரு பால்கனி அறையின் விலையையும் பக்கத்துப் பக்கத்து இரண்டு உள் அறைகளின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல தேதிகளில் பெரிய வித்தியாசம் இருக்காது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் இரண்டு அறைதான் என் ஓட்டு. கடலைப் பார்க்க மேல்தளம் இருக்கிறது. வெளியே அதிகம் நடமாட முடியாத பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் பால்கனிக்குச் செலவழியுங்கள். அவர்கள் உண்மையிலேயே அங்கே உட்காருவார்கள்.

அறை எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள். கப்பலின் நடுவிலும் கீழ்த்தளங்களிலும் ஆட்டம் குறைவு. அறைக்கு நேர் மேலே நீச்சல்குளத் தளமோ, நேர் கீழே இரவுவிடுதியோ இருந்தால் தூக்கம் போச்சு.

4. காட்டும் விலையும் கட்டும் விலையும்

பெரிதாகக் காட்டும் விலை, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஓர் ஆளுக்கு ஆகும் விலை. அதன்மேல் வரியும் துறைமுகக் கட்டணமும் வரும். அப்புறம் டிப்ஸ். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலர் என்று வைத்தால் நாலு பேருக்கு நாலு இரவுக்கு 288 டாலர். பல கப்பல்களில் குழந்தைக்கும் இதே கணக்குதான். இதைத் தெரியாமல் போய்க் கடைசி நாள் பில்லைப் பார்த்து அதிர்ச்சியாவதுதான் நான் அதிகம் கேட்கும் புலம்பல்.

சாப்பாடு விலையில் அடக்கம். ஆனால் எல்லாச் சாப்பாடும் இல்லை. பொது உணவகமும் பஃபேயும் அடக்கம். தனி உணவகங்கள், குளிர்பானம், மது, வைஃபை, புகைப்படம் எல்லாம் தனி. வைஃபை தேவைப்பட்டால் ஏறும் முன்பே வாங்குங்கள். பெரும்பாலும் உள்ளே விலை கூடுதல்.

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியான அட்டையில் செலவு ஏறும். அதை உங்கள் கிரெடிட் கார்டோடு இணைக்கவேண்டும். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்துவைக்கப்பட்டிருக்கும். அதை ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்துவையுங்கள். டெபிட் கார்டோ, வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால், கப்பல்காரர்கள் ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். பயணம் முடிந்த பிறகும் அது விடுபடச் சில நாளாகும். அந்தப் பணத்தை நம்பி ஊர் சுற்ற முடியாது.

5. பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். கப்பல் நிறுவனத்தின் படிவமோ இரண்டு பெயர் இல்லாமல் நகராது. ஏஜென்ட் அவசரத்தில் அப்பா பெயரையோ இனிஷியலையோ போட்டுவிடுவார். விசாவில் ஒரு மாதிரி, விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, கப்பலில் இன்னொரு மாதிரி என்றாகிவிடும். பணம் கட்டும் முன்பே, குடும்பப் பெயர் இல்லாதவருக்கு எப்படிப் பதியவேண்டும் என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முனையத்துக் கவுன்டரில் அந்த ஒரு தாள் பல பேச்சைக் குறைக்கும்.

பாஸ்போர்ட் பயணம் முடிந்து ஆறு மாதமாவது செல்லவேண்டும். சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். கப்பல் வெளியே போய்த் திரும்பி வரும்போது நீங்கள் இரண்டாவது முறையாக நாட்டுக்குள் நுழைகிறீர்கள். அதே காரணத்தால் சிங்கப்பூர் வருகை அட்டையையும் இரண்டு முறை நிரப்பவேண்டும்: விமானத்தில் வருவதற்கு ஒன்று, கப்பலில் திரும்புவதற்கு ஒன்று. வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பவேண்டும் என்பதால் இரண்டாவதைக் கப்பலில் இருந்தே செய்யவேண்டிவரலாம். இது இலவசம். காசு கேட்கும் தளம் போலி.

மலேசியாவும் தாய்லாந்தும் சமீப ஆண்டுகளில் இந்தியர்களுக்கு விசா விலக்கு தந்துவருகின்றன. ஆனால் இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் எடுக்கும் வாரம் ஒருமுறை, கிளம்பும் வாரம் ஒருமுறை பாருங்கள். இரு நாடுகளுக்கும் மின்னணு வருகை அட்டையும் உண்டு. அதை யார் நிரப்பவேண்டும் என்று கப்பல் நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலில் இருக்கும். இறங்கமாட்டேன், அறையிலேயே இருப்பேன் என்று சொன்னாலும் ஆவணம் கேட்பார்கள்.

பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டி மட்டும் அழைத்துப் போனால் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் வேண்டும். பயணக் காப்பீட்டில் 'கப்பல் பயணம்' என்று தெளிவாக இருக்கட்டும். கப்பல் மருத்துவர் டாலரில்தான் பில் போடுவார்.

6. பெட்டியில் என்ன, கைப்பையில் என்ன

முனையத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வர மாலையாகிவிடும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு, கவுன்டரில் நின்று தேடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இருப்பார்கள். பாஸ்போர்ட், மருந்து, ஒரு செட் மாற்றுத்துணி, பிள்ளைகளின் நீச்சலுடை, இதெல்லாம் கைப்பையில். நீச்சலுடை கையிலிருந்தால் முதல் நாள் மதியமே குளம் கிட்டத்தட்ட காலியாகக் கிடைக்கும்.

எடுத்துப் போகக்கூடாதவை: இஸ்திரிப்பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர். தீ விபத்து பயத்தால் பிடுங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் தருவார்கள். புளியோதரை, தயிர்சாதம் போன்ற சமைத்த உணவும் ஆகாது. உறை பிரிக்காத முறுக்கு, மிக்சர் பாக்கெட் பொதுவாகப் போகும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் கட்டுப்பாடு உண்டு, முன் அனுமதி வேண்டுமா என்று பார்த்துவிட்டு மருத்துவர் சீட்டோடு எடுத்துவாருங்கள்.

யாரும் சொல்லாத சில சாமான்கள். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஒரு சின்ன மக் போதும். பெரியவர்களுக்கு வெந்நீர் வேண்டுமென்றால் ஃபிளாஸ்க், பஃபேயில் பிடித்துக்கொள்ளலாம். அறைச் சுவர் பெரும்பாலும் இரும்பு, காந்தக் கொக்கி நாலைந்து வாங்கிப்போனால் ஈரத்துணி மாட்டலாம். நம் ஊர் மூன்று முள் பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும். அரங்கத்தில் ஏசி நடுக்கும், ஒரு சால்வை.

7. ஏறும் நாள்

கப்பல் கிளம்பும் அன்று காலையில் விமானத்தில் வந்து இறங்காதீர்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் வராது. முந்தின நாளே வந்து தங்குங்கள். முனையம் மெரினா சவுத் பியர் ரயில் நிலையத்துக்கு அருகில்தான், ஆனால் பெட்டிகளோடு டாக்சியே சரி. சில கப்பல்கள் ஹார்பர்ஃபிரண்ட் பக்கமுள்ள இன்னொரு முனையத்திலிருந்து கிளம்பும். டிக்கெட்டில் எந்த முனையம் என்று படித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

இணையத்தில் செக்-இன் திறந்த அன்றே செய்து, முடிந்தவரை முதல் நேரத்தைப் பிடியுங்கள். ஏறியதும் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். கரையை விட்டு விலகியதும் கப்பலின் சொந்தக் கைபேசி கோபுரம் பிடித்துக்கொள்ளும். அதன் ரோமிங் கட்டணம் சாதாரண ரோமிங் திட்டத்தில் வராது. தூங்கும்போது போன் தானாகப் புகைப்படங்களை ஏற்றினாலும் காசுதான்.

அடுத்து, பாதுகாப்புப் பயிற்சி. அவசரத்தில் எங்கே கூடவேண்டும் என்று போய்ப் பார்த்து அட்டையைத் தட்டிவிட்டு வருவது. 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் கவிழ்ந்தபோது, புதிதாக ஏறியவர்களுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகு, கிளம்பும் முன்பே முடிக்கவேண்டும் என்று விதி இறுகியது. எப்படியும் விடமாட்டார்கள், முதலிலேயே முடித்தால் கடைசி நேர அறிவிப்பில் உங்கள் அறை எண் வராது.

மூன்றாவது, மாலைக் காட்சிகளுக்குக் கப்பல் நிறுவனத்தின் செயலியில் இடம் பதிவு. நல்ல காட்சிகள் முதல் நாள் மாலைக்குள் நிரம்பிவிடும்.

நாலாவது, விருந்தினர் கவுன்டரில் பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். வீடியோ கேம் கூடத்தில் அட்டையைத் தட்டினால் விளையாட்டு ஓடும். பத்து வயதுப் பையனுக்கு அது காசு என்று தோன்றாது.

இதற்குப் பிறகுதான் சாப்பாடு. எல்லாரும் பெட்டியை இழுத்துக்கொண்டு பஃபேக்கு ஓடுவார்கள். பெரிய உணவகம் அன்று மதியம் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். திறந்திருந்தால் அங்கே உட்கார வைத்துப் பரிமாறுவார்கள், கூட்டமிருக்காது.

8. சாப்பாடும் சைவமும்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியர் கூட்டம் அதிகம் என்பதால் பருப்பு, சப்பாத்தி, பனீர் ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும். இட்லியை எதிர்பார்க்காதீர்கள். இருந்தால் அதிர்ஷ்டம். சுத்த சைவம், ஜைன உணவு வேண்டுமென்றால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்து, முதல் இரவு உணவகத் தலைமைப் பணியாளரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். நாளைக்கு என்ன வேண்டும் என்று அவரே முந்தின இரவு கேட்டு, தனியாகச் செய்து தருவார். பஃபேயில் தேடித் தேடிச் சலித்துப் போகிற பாட்டிக்கு இது ஒன்றே பயணத்தைக் காப்பாற்றிவிடும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், வாசலில் தரும் சானிட்டைசரை மட்டும் நம்பவேண்டாம். கப்பல்களில் பரவும் வயிற்றுப்போக்குக் கிருமியான நோரோவைரஸ் அதற்கு அவ்வளவாக அடங்காது.

9. சறுக்கும் கூட்டமும்

எந்த ஊரிலும் நிற்காத கடல் நாளன்று பத்து மணிக்கு மேல் நீச்சல்குளத்தில் தண்ணீரைவிடத் தலைகள்தான் அதிகம். விளம்பரப் படத்தில் வரும் காலிக் குளத்தை எதிர்பார்த்த பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிடும். வழி எளிது. கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது பாதிப்பேர் கீழே போய்விடுவார்கள். அப்போது சறுக்கில் வரிசையே இருக்காது. முன்பே பார்த்த ஊராக இருந்தால் இறங்காமல் அன்றைக்குக் கப்பலை அனுபவியுங்கள். என்னைக் கேட்டால் பயணத்தின் ஆகச் சிறந்த நாள் அதுதான். கடைகளும் சூதாட்டக்கூடமும் மட்டும் துறைமுகத்தில் மூடியிருக்கும், அதில் யாருக்கு என்ன நஷ்டம்.

10. கரை இறங்கும்போது

பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறைமேடையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கும் தூரம். 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சோறும் குழம்பும் கிடைக்கும் நாசி கண்டார் கடைகள் எல்லாம் அந்தச் சுற்றுவட்டத்திலேயே இருக்கின்றன. மதியத்தில் கோயில் நடை சாத்தியிருக்கலாம். கப்பல் இரவுவரை நின்றால் மாலையில் போங்கள், வெயிலும் இறங்கியிருக்கும்.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும். சின்னப் படகில் மாறித்தான் கரைக்குப் போகவேண்டும். கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் தளம் மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். ஊழியர் ஒருவர் 'இப்போது' என்று சொல்லும் நொடியில் காலெடுத்து வைக்கவேண்டும். சேலையும் வழுக்கும் செருப்புமாக வந்தவர்கள் அங்கே தயங்கி நிற்பார்கள், பின்னால் வரிசை நீளும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களை இறக்க மறுக்கவும் கூடும். இதை முன்பே சொல்லிவிட்டால் பெரியவர்கள் ஏமாறமாட்டார்கள்.

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கைபேசி தானாக மாறிவிடும், கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் இருக்கலாம். உங்கள் போனில் நாலு மணி, கப்பலில் ஐந்து. இறங்கும்போது வாசலில் இருக்கும் கடிகாரத்தையும், திரும்பவேண்டிய நேரம் எழுதிய பலகையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே பிடித்த வண்டி தாமதமானால் கப்பல் போய்விடும்.

பஃபேயிலிருந்து குழந்தைக்கென்று எடுத்துவைத்த வாழைப்பழத்தைக் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள். வெளியிலிருந்து பழம் வருவதற்குத் துறைமுகங்களில் கட்டுப்பாடு உண்டு.

11. கடல் ஒத்துக்கொள்ளாவிட்டால்

மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியான தண்ணீர். வியட்நாம் பக்கம் போகும் பயணங்களில்தான், நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் ஆட்டம் கூடும். முதல் குடும்பப் பயணத்துக்கு அந்தத் திசையை அந்த மாதங்களில் தவிர்க்கலாம். பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பழக்கமுள்ளவர்கள் மருத்துவரிடம் மாத்திரை கேட்டுவைத்து, குமட்டல் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளவேண்டும். தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. அறைக்குள் படுத்து போன் பார்ப்பது இன்னும் மோசமாக்கும். நடுத்தளத்தில் காற்றாட உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

12. கடைசி இரவு

பெரிய பெட்டிகளுக்கு நிற அட்டை கட்டி இரவு பதினோரு மணி வாக்கில் அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடவேண்டிய துணியை முதலில் எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் பெட்டியை மூடவேண்டும். செருப்பையும் சேர்த்துச் சொல்கிறேன். நைட்டியோடும் லுங்கியோடும் காலைப் பலகாரத்துக்கு வந்து நிற்கிறவர்கள் எல்லாம் இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள். பெட்டியை நாமே இழுத்துக்கொண்டு இறங்கலாம் என்றும் ஒரு வழி உண்டு, சின்னப் பெட்டிகள் என்றால் அதுதான் வேகம்.

கப்பல் காலை ஏழு மணி வாக்கில் வந்தாலும் எல்லாரும் இறங்கிக் குடிநுழைவு தாண்டப் பத்து மணி ஆகலாம். அங்கிருந்து சாங்கி விமான நிலையம் டாக்சியில் அரை மணி நேரம் போல ஆகும். மதியம் இரண்டு மணிக்கு முன்னால் விமானம் போடாதீர்கள்.

பில்லைக் கடைசி இரவே செயலியில் வரிவரியாகப் பாருங்கள். எடுக்காத புகைப்படம், குடிக்காத பானம் ஏறியிருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் விருந்தினர் கவுன்டருக்குப் போங்கள், ஐந்து நிமிடத்தில் நீக்கிவிடுவார்கள். காலையில் போனால் அதே வேலைக்கு வரிசை மாடிப்படிவரை நிற்கும்.